பூந்தி ஊர் அடிபம்பு

ராசாக்கள் ஆண்ட அந்த ஊருக்குப் பாவாயி முதல்முதலாகப் போய் இறங்கிய அன்று, ஒரு காலைத் தரையில் வைத்து மறு காலைப் பஸ் படியிலேயே வைத்திருந்தபோது, அவளுக்குத் தெரிந்தவர் யாருமே இருக்க வழியில்லாத அந்தத் தெருவுக்குள்ளிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பழனிக்கு அப்பால் போயறியாதவள் அவள். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே நிலத்துக்கு நடுவே இருந்த ஒரு காட்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, எருமைகளோடும் நிலக்கடலைக் கொடியோடும் அம்பத்தேழு வயதைத் தொட்டவளை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்தான் கட்டாயப்படுத்தி ஈரோட்டிலிருந்து ரயிலில் போய் வடக்கே பஸ்ஸில் சுற்றுகிற சுற்றுலாவில் சேர்த்துவிட்டிருந்தான். கூடவே சமையல்காரர்களும் இட்லிக் கொப்பரையும் புளியும் மிளகாய்த்தூளும் வந்தன. போகிற ஊர்ப் பெயர்களைச் சுற்றுலாக்காரர் மைக்கில் வாசித்தபோது, ஜெய்ப்பூர், அஜ்மீர், சித்தோர்கர் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் பூந்தி என்றதும் சிரித்துவிட்டார்கள். இனிப்பா காரமா என்று ஒருவர் கேட்டார். பாவாயியும் சிரித்தாள். பக்கத்து சீட்டில் இருந்த மரகதம், வீட்டுக்காரரின் ரயில்வே உத்தியோகத்தால் போபாலில் பாதி ஆயுசைக் கழித்தவள், அது நிஜமாகவே ஓர் ஊர்தான் என்றும், மலை இடுக்கில் மறைந்து கிடக்கும் என்றும், அங்கே அரண்மனைச் சுவரெல்லாம் பச்சையும் நீலமுமாகப் படம் எழுதியிருக்கும் என்றும் சொன்னாள்.

சுவரெல்லாம் படம் என்றதும் பாவாயி சிரிப்பை நிறுத்தினாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் நல்லப்பன், போர் போடுகிற வண்டியில் ஓட்டுநராகவும் துளை போடுகிறவனாகவும் எட்டு மாதம் வடக்கே சுற்றிவிட்டு மழைக்கு வீடு திரும்பும்போதெல்லாம், கோட்டா பக்கம் ஒரு ராசா ஊர் இருக்கிறது, சுவரில் யானை சண்டை போடுகிறது, பெண்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், உன்னை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அப்போது அவனுக்குக் குரல் இருந்தது. சும்மா ஒரு குரல் இல்லை. இரண்டு காடு தள்ளி நின்று அவன் பாவாயீ என்று கூப்பிட்டால் அடுத்த வீட்டு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தக் குரலோடு அவள் வாழ்ந்தது இரண்டே வருஷம். மூன்றாம் வருஷம் வடக்கேயிருந்து திரும்பியபோது அவன் தொண்டையில் காற்று மட்டும்தான் இருந்தது. கம்ப்ரசர் தூசி அறுத்துவிட்டது என்றார் ஈரோட்டு டாக்டர். அன்றிலிருந்து நல்லப்பன் கிசுகிசுவென்று, காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினார். அதுவும் குறைந்துகொண்டே வந்து, அவர்கள் வீட்டில் தேவைக்கு மிஞ்சிய பேச்சே இல்லாமல் போயிற்று.

பஸ் படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தபோது, கையில் குடத்தோடு ஒரு சிறுமி, மஞ்சள் முக்காடு போட்ட தன் அம்மாவை நோக்கி ஓடினாள். அந்த அம்மாதான் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் அந்தக் குரலுக்குத் தள்ளுவண்டியில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியும் திரும்பினாள், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள். ஒரு பெயருக்கு மூன்று பேர், பாவாயியோடு நான்கு பேர். மரகதம் ஆச்சரியப்பட்டு அந்த அம்மாவிடம் இந்தியில் விசாரித்தாள். அவள் இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்பதுபோலத் தெருவின் முடிவைக் கையால் காட்டி, அந்தப் பம்பு சொல்கிற பெயர் அது, எங்கள் தெருவில் பெண் பிறந்தால் பாதிப் பேருக்கு அதைத்தான் வைப்போம் என்றாள்.

தெருவின் முடிவில், நீலம் பூசிய இரண்டு வீடுகளுக்கு நடுவே, மேலே மலைமீது அரண்மனை தொங்குவதுபோல் தெரிகிற இடத்தில் ஒரு அடிபம்பு இருந்தது. கைப்பிடி தேய்ந்து வெள்ளியாக மின்னியது, கழுத்தில் வாடிய சாமந்தி மாலை கிடந்தது. பெண்கள் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். ஒருத்தி அடித்தாள். தண்ணீரோடு சேர்ந்து, குழாயின் வாய்க்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல், திருச்செங்கோட்டுத் தமிழில், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டு வந்தது. குடம் நிறைந்ததும் போதும் போதும் என்றது. அடித்தவள் நிறுத்திக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பாவாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று மரகதம் தண்ணீர் தெளித்தாள். பாவாயி அவள் கையைப் பிடித்து, மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

“அது எங்க வீட்டுக்காரரு.”

முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குரல் அங்கே இருந்தது. முதலில் வந்த அன்று பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். மறுநாளும் தாகம் எடுத்ததால் திரும்பி வந்தார்களாம். அது பஞ்ச காலம். ஊரில் ராணிகள் வெட்டிய படிக்கிணறுகளெல்லாம் அடிப்படி வரை காய்ந்து, அவற்றின் தூண்களில் வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பேசினாலும் பேசாவிட்டாலும் தண்ணீர் கொடுப்பது இந்த ஒரு பம்புதான் என்று தெரிந்தபின் ஒரு வாரத்தில் பயம் போய், வரிசைக்காக முடியைப் பிடித்துச் சண்டை போடுகிற சாதாரணப் பம்பாக அது ஆகிவிட்டது. அந்தப் பாஷை எது என்று மட்டும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பூசாரி பாதாளத்தில் நாகங்கள் பேசுவது என்றார். தபால்காரர் தெலுங்கு என்று அடித்துச் சொன்னார். பம்பு ரிப்பேர் பார்க்க வந்தவன் உள்ளே வாஷரை மாற்றிப் பார்த்தான். குரலின் கரகரப்பு கொஞ்சம் தெளிந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. பிறகு பாஷையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதற்குள் அது அவர்கள் பாஷையாகவே ஆகிவிட்டிருந்தது.

பிள்ளைகள் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணித்தான் கண்ணைப் பொத்தி விளையாடினார்கள். காய்கறிக்காரன் விடியலின் முதல் எடையைப் போடும்போது ஒண்ணு என்று சொல்லித்தான் போட்டான். கல்யாணப் பந்தியில் பூரி கொண்டுவருகிறவனுக்கு முன்னால் இலைத்தட்டின்மேல் கையைக் குவித்து அந்த ஊர்க்காரர்கள் போதும் போதும் என்றார்கள். அடுத்த ஊரிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்த மாப்பிள்ளைகள் அந்தச் சொல் தெரியாமல் வயிறு வெடிக்கத் தின்றதுண்டு. அரண்மனைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி ஒருவன் வெளிநாட்டுக்காரர்களை இங்கே அழைத்து வந்து பம்பை அடித்துக் காட்ட, அவர்கள் கைதட்டி நின்றதில் வரிசை தாமதமாகி, பெண்கள் அவனைத் துடைப்பத்தோடு விரட்டியதில் அந்த வழக்கமும் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண் அதில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். முதல் மழை விழுகிற நாளில், இனி கொஞ்ச நாள் நீ ஓய்வெடு என்று அதன் கழுத்தில் மாலை போடுவார்கள்.

இதையெல்லாம் சொன்னவள் கேசர்பாய். அந்தத் தெருவில் பால்கோவா போடுகிற கடைக்காரி, அகலமான முகம், முழங்கை வரை வெள்ளை வளையல். குரல் யாருடையது என்று மரகதம் சொன்னதும் அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பாவாயிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். பம்பு போட்ட காலத்தில் அவள் புதுமருமகள். அந்த மனிதரைப் பார்த்திருக்கிறாள். புழுதி படிந்த மீசை, கழுத்தில் சிவப்புத் துண்டு. நல்லப்பன் துண்டு சிவப்புத்தான். பாவாயி தலையாட்டினாள்.

கேசர்பாய் சொன்னதை மரகதம் சொல்லச் சொல்லப் பாவாயி கேட்டாள். அவர் தண்டுகளை ஒண்ணு ரெண்டு என்று எண்ணி எண்ணி இறக்கித் துளை போட்டும் பாறைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஒரு கட்டத்தில் இரும்புத் தண்டுகள் அத்தனையும் பாறைக்குள் சிக்கிக்கொண்டன. அந்தச் சமயம் பார்த்து அவர்கள் ஊர் வண்டி இன்னொன்று அந்த வழியாக வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் அவரிடம் ஏதோ சொன்னான். அவர் உடனே முதலாளியிடம் போனார். தண்டை எடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் முதலாளி அவரை விடமாட்டேன் என்றான்போல. அவர் சண்டை போடவில்லை. மதிய வெயிலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்த்திருக்க, தரையில் குப்புறப் படுத்து, அந்தத் துளையில் வாயை வைத்து வெகுநேரம் பேசினார். எழுந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

வந்த சேதி என்னவென்று பாவாயிக்குத் தெரியும். அனுப்பியது அவள் மாமனார். அவளுக்குத் தலைச்சன் பெண் பிறந்து, காலையில் பிறந்தது விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டிருந்தது. ஓடைக்கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் அப்பன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்நெஞ்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள், தொண்டை போனதால்தான் என்று தெரிந்தும் நினைத்துக்கொண்டாள். கேட்காதவரிடம் எதற்குச் சொல்வது என்று அந்தக் குழந்தையைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. பின்னால் மகன் பிறந்தான், வளர்ந்தான், கடன் தீர்ந்தது, ஓட்டு வீடு கான்கிரீட் தார்சு வீடானது. அந்தப் பேச்சு மட்டும் அவர்களுக்கு நடுவில் எழவே இல்லை.

“துளையில என்ன பேசினாருன்னு தெரியுமா?” என்று பாவாயி கேட்டாள்.

தெரியாமலென்ன என்றாள் கேசர்பாய். அது எல்லாருக்கும் தெரியும். மத்தியான வேளையில், அவசரமில்லாமல், மெள்ள மெள்ள அடித்தால்தான் அது வரும். இந்தத் தெருவில் பிறந்த குழந்தையெல்லாம் அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறது, பம்படிக்குக் கொண்டுவர முடியாத வீட்டில் அம்மாக்களே பாடிவிடுவார்கள். பேரக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி உடனே பாடிக்காட்டினாள். வார்த்தைகள் இடம் மாறி ஒடிந்து, மூக்கே பீடி ருந்துச்சு, முடி ருந்துச்சா என்று அவள் இழுத்து இழுத்துப் பாட, இடுப்பில் இருந்த குழந்தை கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது.

பாவாயி எழுந்து போய்ப் பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். வரிசையில் நின்றவர்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். அவள் எருமைக் கன்றைத் தடவுகிற மாதிரி, மெள்ள, கைப்பிடியைத் தாழ்த்தி உயர்த்தித் தாழ்த்தி அடித்தாள். தண்ணீர் நூலாக விழுந்தது. அதோடு, இருபத்தாறு வயசு நல்லப்பனின் குரல் வந்தது.

“பாவாயி… ஏ புள்ள பாவாயி… வர முடியாமப் போச்சு புள்ள… ராடு அத்தனையும் பாறைக்குள்ள கெடக்குது, உட்டுட்டு வர உடமாட்டேங்கறாங்க… பொறந்தத நான் பாக்கலியே… மூக்கு எப்படி இருந்துச்சு, முடி இருந்துச்சா… ஆரு சாடைன்னு எனக்கு ஆரு புள்ள சொல்லுவா…”

அது முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. மூன்றாம் முறை கேட்டபின் பாவாயி அடிப்பதை நிறுத்தினாள். அழவில்லை. முந்தானையால் குழாயின் வாயைத் துடைத்தாள், பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல.

தெருவில் அதற்குள் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். சேதி வீடு வீடாகப் பரவி, மாடியில் துணி உலர்த்திய பாவாயி, கத்திரிக்காய் வாங்கிய பாவாயி, எல்லோரும் வந்து நின்றார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மரகதத்துக்கும் விளங்கியது: சொந்தக்காரி வந்துவிட்டாள், குரலை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், குரல் போனால் தண்ணீரும் போகும், சித்திரை இன்னும் வரவே இல்லை. மரகதம் தன் போனில் பதிவு செய்துகொண்டு போகலாமே என்று முயன்று பார்த்தாள். போனில் கைப்பிடி கிரீச்சிடுவதும் தண்ணீர் விழுவதும்தான் இருந்தன.

கடைசியில் கேசர்பாய்தான் எழுந்தாள். கடைக்குள் போய், தாழம்பூப் போல மினுங்கும் பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து பாவாயி முன்னால் வைத்தாள்.

“நாங்க பத்திரமா வச்சிருந்தோம், உங்களது. நீங்களே அடிச்சு நிரப்பி, வீடு போற வரைக்கும் கீழ வைக்காம கொண்டு போனா அது கூடவே வந்துரும். எங்களுக்கு ஒரு வழி பிறக்கும்.”

சொல்லிவிட்டு அவள் பம்பைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பாவாயி குடத்தையும் பார்த்தாள், குழந்தைகளையும் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் வீட்டில் இல்லாதது அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு காடு தாண்டிக் கேட்கிற அந்தக் குரலில் அவர் இன்னொருமுறை அவளைக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்தாள். வேண்டும் என்று உடம்பெல்லாம் கேட்டது. பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். நல்லப்பன் போனில் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. ஆமாம் என்றால் விரலால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று மகன் பழக்கிவைத்திருந்தான்.

“ஏனுங், நீங்க போட்ட போருகிட்டத்தான் நிக்கறனுங். அந்த ராசா ஊருல. தண்ணி இன்னும் வருதுங். உங்க சத்தமும் இங்கயேதான் இருக்குதுங்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: குடத்தைச் சொன்னாள், தண்ணீர் நின்றுபோகுமோ என்று இந்தச் சனங்கள் பயப்படுவதைச் சொன்னாள், அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் தூங்குவதைச் சொன்னாள். கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

இரண்டு தட்டு கேட்டது.

பாவாயி பித்தளைக் குடத்தைக் கேசர்பாய் பக்கமாக நகர்த்திவைத்தாள். பேச்சில்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அவள் போகவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்தபடியே பம்புக்கு முன்னால் குனிந்து, குழாயின் வாயருகே முகத்தை வைத்து, அத்தனை வருஷம் கழித்து அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“மூக்கு உங்க மூக்குங். நுனியில கொஞ்சம் அமுங்கி, அப்படியே உங்களதுங். முடி தோள் வரைக்கும், அத்தை தடவிப் பாத்துட்டு எண்ணெய் வச்சாங்க. கை நீட்டமா இருந்துச்சு. சாடை உங்க அம்மா சாடைங். அழுகச்சே தொண்டை பெருசுங், ஊரையே கூட்டுற மாதிரி. அது உங்களதுதானுங்.”

குழாய் அதை வாங்கிக்கொண்டது. போனில் தட்டு ஏதும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்றாள் மரகதம். போகவில்லை, மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது, இத்தனை நாள் பாடினோமே, அதற்கு என்னதான் அர்த்தம் என்று கேசர்பாய் கேட்கச் சொன்னாள். பாவாயி கொஞ்சம் யோசித்தாள். ஓர் அப்பன் தன் குழந்தையைப் பற்றிக் கேட்கிற பாட்டு என்றாள். மரகதம் அதைச் சொன்னதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அதுதானே, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்றார்கள். பஸ் ஹாரன் அடித்தது. பாவாயி அரண்மனைக்குள் போகவே இல்லை. சுவரில் யானைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கீழிருந்தே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு பொட்டலம் பால்கோவா இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒருத்தி மெள்ள அடித்தபோது, ஆண்குரல் கேட்டு முடித்ததும் ஒரு பெண்குரல் பதில் சொல்லிற்று என்று கேசர்பாய் பின்னால் மரகதத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். யாரும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடவில்லை. ஒரு வாரத்தில் பெண்கள் அந்தப் பாதியையும் பாடம் பண்ணிக்கொண்டார்கள். ஒரே சங்கடம், முன்பெல்லாம் பாதிப் பாட்டிலேயே தூங்கிவிடுகிற குழந்தைகள் இப்போது பதில் வருகிறவரை கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கின்றன, அதைக் கேட்டபிறகுதான் தூங்குகின்றன.

ஈரோட்டில் ரயில் நின்றபோது விடிந்து வெயில் ஏறியிருந்தது. முழங்கால் வலியால் ஊர்ச்சந்தைக்குக்கூடப் போகாதவர், அவளை அழைக்க ஒருநாளும் எங்கும் வந்திராதவர், வேட்டி கசங்காமல் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அவள் இறங்கியதும் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். ஆனால் நடக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சைக் காட்டினார். இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்த் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, அவர் அவள் காதோரம் குனிந்தார்.

“கண்ணு?” என்றார். “கண்ணு தொறந்துச்சா?”

பாவாயி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஒருக்கா தொறந்துச்சுங்,” என்றாள். “என்னைப் பாக்கலீங். வாசப் பக்கமாத்தான் பாத்துச்சுங்.”

நல்லப்பன் தலையைக் குனிந்து, பையின் காதைத் திருகிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்பதுபோல ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திருச்செங்கோட்டு பஸ் ஒன்று போய், அடுத்ததும் போயிற்று. அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.